பிந்தி வருவோர் கொப்பி



ஹட்டன் டவுன் நெரிசலைப் பற்றி எல்லோரும் எழுதியாச்சு. சம்பளம் போடுகிற 10ஆம் திகதியை ஒட்டியும், தீபாவளிக்கு முந்திய வாரமும், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசனிலும் பிரதான வீதியில் நடந்து போகிறவர்தான் முதலில் போய்ச் சேருவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்து வாகனத்தை வீதியோரம் போட்டுவிட்டுப் போகிறவர்களில் நாங்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் கேள்வி வேறு. நிலைமை முன்னேறியதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? காப்பட் ரோடு எத்தனை கிலோமீற்றர் என்பார் ஒருவர். டவுனைக் கடக்க எத்தனை நிமிடம் என்பார் இன்னொருவர். இரண்டுமே வாகனங்களை எண்ணுகிற கணக்கு, ஆட்களை எண்ணுவதில்லை. ஒரு பஸ் பிடிக்கிற இடத்தில் இரண்டு மூன்று கார் நிற்கும். அவற்றில் பத்துப் பேர் இருந்தாலே அதிகம், பஸ்ஸில் ஐம்பது பேர்.

எங்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. பாடசாலை வாசலில் இருக்கும் பிந்தி வருவோர் கொப்பி. காலை 7.30 மணி அடித்த பிறகு வருகிற பிள்ளையின் பெயர் அதில் ஏறும். வருடக்கணக்காக அதை ஒழுக்கத்தின் கணக்கு என்றே நினைத்திருந்தோம். ஒரு நாள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது. திரும்பத் திரும்ப அதே பெயர்கள், அதே தோட்டம், அதே மேல் டிவிசன். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"பஸ் வந்துச்சு டீச்சர். சீசன் காட்டுனேன், ஏத்தல."

மாணவர் சீசன் டிக்கெட் இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும், தனியார் பஸ்ஸில் செல்லாது. கையில் காசில்லாமல், வந்த தனியார் பஸ்ஸை எல்லாம் போகவிட்டு, மழையில் சிவப்பு பஸ்ஸுக்குக் காத்து நின்றவளின் பெயருக்குக் கீழே நாங்கள் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். அன்றைக்கு அறையில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 11.2 என்று ஒன்று உண்டு. 2030க்குள் எல்லோருக்கும் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் போக்குவரத்து. அதை அளக்க, வீட்டிலிருந்து 500 மீற்றர் நடைக்குள் பஸ் தரிப்பிடம் உள்ளவர்கள் எத்தனை வீதம் என்று பார்க்கிறார்கள். நகரங்களுக்கு நல்ல அளவுகோல்தான். இங்கே 500 மீற்றர் என்பது படிக்கட்டு, கானோரம், அட்டைக்கடி. அதையும் இறங்கி வந்துவிடலாம். தரிப்பிடம் இருக்கும், பஸ் இருக்காது.

காலையை விட எங்களுக்குக் கவலை மாலைதான். ஓ.எல். பிள்ளைகளுக்கு 1.30க்குப் பிறகு மேலதிக வகுப்பு வைக்கிறோம். நேரம் ஆக ஆக ஜன்னல் பக்கமாகப் பார்வை போகும். மேல் டிவிசன் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையை எடுப்பார்கள். கடைசி பஸ்ஸை விட்டால் த்ரீவீலர்தான், அதற்கு அம்மா ஒரு நாள் கொழுந்து பறித்த காசு போய்விடும். இப்படிக் கணிதத்தின் கடைசிப் பாதியைக் கேட்காமலே பரீட்சைக்குப் போனவர்கள் உண்டு. பெறுபேறு வந்ததும் "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் வராது" என்று நாமே பேசிக்கொள்கிறோம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு சிசு செரிய, பின்தங்கிய ஊர்களுக்கு கமி செரிய, இரவுக்கு நிசி செரிய என்று தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் திட்டங்கள் இருக்கின்றன. கேட்டுப் போனால் கையில் கணக்கு வேண்டும். "பஸ் சரியாக வருவதில்லை" என்று மட்டும் எழுதினால் அது நூறோடு நூற்றொன்றாகக் கிடக்கும்.

அதனால் கொப்பியில் இரண்டு பத்தி கூட்டியிருக்கிறோம்: தரிப்பிடத்துக்கு வந்த நேரம், ஏறிய பஸ்ஸின் நேரம். பெற்றோரிடம் ஒரு உதவி. உங்கள் டிவிசனுக்கு மாலையில் கடைசி பஸ் உண்மையில் எத்தனை மணிக்கு வந்தது, எந்தெந்த நாளில் வரவே இல்லை என்று இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். திங்கட்கிழமை தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.