போட்டுதான் பஸ்

கடையநல்லூரில் வெளிநாடு என்றால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். தெருவுக்கு நாலு வீட்டில் துபாய், சவுதி, குவைத் என்று ஆள் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் பிழைக்கப் போவது. சுற்றிப் பார்க்க என்றால் எங்களுக்குக் குற்றாலம், மிஞ்சினால் கன்னியாகுமரி. அதனால்தான் எட்டாவது படிக்கிற மகள், “அரையாண்டு லீவுக்கு வெனிஸ் போவோமாப்பா?” என்று கேட்டபோது வீடே சிரித்தது. போனில் பார்த்துவிட்டாள். “அங்க ரோடே கெடயாதாம். போட்டுதான் பஸ்ஸாம். வாசப்படி வரைக்கும் தண்ணியாம்.”

“மழை பெஞ்சா நம்ம தெருவும் அப்படித்தானளா கெடக்கு” என்றாள் ஆச்சி, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

ஐந்து பேருக்கு விமான டிக்கெட்டும் விசாவும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றியது. ஆனால் புளியரைக் கணவாய் தாண்டினால் கேரளம். அங்கே ‘கிழக்கின் வெனிஸ்’ என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பேர் வாங்கிய ஆலப்புழை இருக்கிறது. மகள் அரைமனதாகச் சம்மதித்தாள்.

அவளைத் தேற்ற ஒரு கதை கைவசம் இருந்தது. நாம் வெனிஸ் போகாவிட்டால் என்ன, 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வெனிஸ் நம் பக்கம் வந்துவிட்டது. மார்க்கோ போலோ வெனிஸ்காரர். பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தையும், ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் அங்கே குதிரைகள் வந்து இறங்கியதையும் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் கருப்பாநதித் தண்ணீர் சிற்றாற்றில் சேர்ந்து, தாமிரபரணியாகிக் கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தக் காயல். கொல்லத்தையும் அவர் விடவில்லை. மிளகையும் இஞ்சியையும் சொல்லியிருக்கிறார். பின்னாளில் வெனிஸின் தங்கக் காசுகளும் தென்னாட்டில் புழங்கின. அந்தக் காசில், கொடிக் கம்பைப் பிடித்தபடி புனித மாற்கின் முன் மண்டியிட்டிருப்பவர் வெனிஸின் ஆட்சித் தலைவர். நம் ஆட்களுக்கு அது பனைமரமும் பனையேறியுமாகத்தான் தெரிந்ததாம்.

தென்காசியில் கொல்லம் ரயில் ஏறினோம். வழியில் வந்த செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். மலையைக் குடைந்து 1904இல் போட்ட பாதை இது. அகலப் பாதையாக்க 2010இல் நிறுத்தியவர்கள் 2018இல்தான் முழுதாகத் திறந்தார்கள். ஆரியங்காவு தாண்டிப் பதிமூன்று கண் பாலம் வந்ததும் பெட்டியில் பாதிப் பேர் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள். கீழே சாலையில் ஐயப்ப பக்தர்களின் வேன்களும், நம் பக்கத்து வைக்கோலைக் கூரை உயரத்துக்கு ஏற்றிய லாரிகளும் ஊர்ந்தன. கொல்லத்தில் வண்டி மாறி ஆலப்புழை. 1989 வரை அந்த ஊருக்கு ரயிலே கிடையாது என்றதும் மகன், “பின்னே எப்படிப் போனாங்க?” என்றான். படகிலும் பஸ்ஸிலும்தான்.

ஆலப்புழை தானாக வளர்ந்த ஊர் இல்லை, துறைமுகத்துக்கென்றே எழுப்பியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பின்னர் திருவிதாங்கூர் திவானான ராஜா கேசவதாஸ் முன்னின்று செய்த வேலை. மலைச்சரக்கு வேம்பநாட்டுக் காயல் வழியாக வந்து கடற்கரை வரை சேர, ஊருக்கு நடுவே இரண்டு கனால் வெட்டினார்கள். 1859இல் ஜேம்ஸ் டாரா இங்கே கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். தேங்காய் நாரில் முடைந்த பாய் ஐரோப்பிய வீடுகளுக்குப் போனது. பிறகு கொச்சித் துறைமுகம் எழுந்தது, லாரியும் வந்தது, கனாலுக்கு வேலை போயிற்று. கடற்கரையில் துருப்பிடித்த பாலத்துக் கம்பங்கள் மிச்சம் நிற்கின்றன. நாங்கள் போன நேரம் முல்லைக்கல் பகவதி கோயிலில் சிறப்புத் திருவிழா. கடைத்தெருவெல்லாம் வளையலும் பலூனும். பக்கத்துக் கனாலிலோ ஆகாயத்தாமரை மண்டி, தண்ணீர் அசையவே இல்லை. மகளின் முகம் விழுந்துவிட்டது. “இதா வெனிஸ்?”

மறுநாள் காலையில்தான் அவளுக்கு ஊர் பிடித்தது. ஹவுஸ்போட்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள்; நாங்கள் நேராக ஜெட்டிக்குப் போய் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் ஏறினோம். டிக்கெட் விலை நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான். முன்னால் சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்க். நடுவே என்ஜின் பக்கத்தில் டிரைவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணியடிக்கிற கணக்கைக் கேட்டே டிரைவர் வேகம் கூட்டுகிறார், குறைக்கிறார், நிறுத்துகிறார். மகன் அந்த மணியை விட்டு நகரவில்லை. ஒரு துறையில் சீருடைப் பிள்ளைகள் ஏறினார்கள், அடுத்ததில் ஒரு நர்ஸ் இறங்கினார், இன்னொன்றில் கேஸ் சிலிண்டர் ஏறியது. படகு முழுசாக நிற்கும் முன்பே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்குத் தாவிய கிழவியைப் பார்த்து ஆச்சி, “என் வயசுதான் இருக்கும்” என்று வாயில் விரல் வைத்தாள்.

குட்டநாட்டில் கண்ணை நம்ப முடியாதது வயல்தான். படகு மேலே போகிறது, வயல் கீழே கிடக்கிறது. கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற பூமி; 2013இல் ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு இதை உலகப் பாரம்பரிய வேளாண்மைகளில் ஒன்றாக ஏற்றது. வரப்புக்கு வெளியே தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் விதைக்கவே முடியும். எங்களுக்கோ குளத்துக்குத் தண்ணீர் வந்தால் பயிர். இத்தனை தண்ணீருக்கு நடுவே, குடிக்கிற தண்ணீர் படகில் வருகிற வீடுகளும் அங்கே உண்டு.

கடலின் உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் மறிக்க 1970களில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கட்டினார்கள். டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்குவார்கள், கோடையில் தூக்குவார்கள். மூடினால் நெல்லுக்கு நல்லது. மீனுக்குக் கேடு, தண்ணீர் தேங்கி ஆகாயத்தாமரை மண்டுகிறது. என்றைக்குத் திறப்பது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் வழக்கு ஓய்வதில்லை. வெனிஸிலும் இதே சங்கதிதான். 2019 நவம்பரில் கடல் 187 செ.மீ. ஏறி ஊரை முக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து 78 கதவுகள் கொண்ட ‘மோசே’ தடுப்பைத் தூக்கிக் கடலை மறிக்கிறார்கள். மூடினால் வீடு தப்பும். கப்பல் வெளியே காத்து நிற்கும்.

ஆனால் ஆள் போவதை எந்தக் கதவும் மறிக்கவில்லை. 1951இல் பழைய வெனிஸில் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். இன்று 50,000கூட இல்லை. வீடெல்லாம் விடுதியாகிவிட்டது. 2024 ஏப்ரலிலிருந்து, கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள்; தொடங்கிய ஆண்டில் அது ஐந்து யூரோ. குடியிருப்பவனை விடப் பார்க்க வருபவன் அதிகமானால் ஊர் காட்சிசாலைதான்.

ஆலப்புழை என்ற ஒரே ஊரில் இரண்டு தண்ணீரைப் பார்த்தோம். புழக்கம் போன கனால் நாறிக் கிடக்கிறது. பள்ளிப் பிள்ளையும் நர்ஸும் நம்பியிருக்கிற வாய்க்காலில் வழி அடைத்தால் அன்றைக்கே கேட்க ஆள் இருக்கிறது. எங்கள் ஊர்க் கால்வாய்களுக்கும் இதே கதிதான்: வயல் இருந்த வரை தூர்வார ஆள் இருந்தது, வயல் மனையானதும் குப்பை கொட்டுகிற இடமாயிற்று.

ஆலப்புழை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹவுஸ்போட்டில் ஏறினால் மீன் வறுவல் கிடைக்கும், ஏ.சி. கிடைக்கும். ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஜெட்டிக்குப் போய், நெடுமுடிக்கோ காவாலத்துக்கோ அரசுப் படகில் டிக்கெட் எடுங்கள். தின்ற பாக்கெட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் அவர்களுக்கு ரோடு.