காடு எவர் காணி?

மாகாண நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் ஆண்டு தவறாமல் வரும் ஒன்று உண்டு. காட்டு மிருக இறைச்சியுடன் ஒருவர் கைது, நீதவான் முன்னிலையில் ஆஜர், அபராதம். நான்கு வரிகளுக்கு மேல் அதற்கு இடம் கிடைப்பதில்லை. செய்தி மேசையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் அந்த நான்கு வரிகளில் இல்லாதது எதுவென்று எனக்குத் தெரியும். அந்தக் காடு அந்த மனிதருக்கு எப்போது, எவ்வாறு அந்நியமாயிற்று என்பதே அது. இரத்தோட்டையில் பிறந்தவனாகையால் அதைப் பற்றிச் சிறிது எழுதத் தோன்றுகிறது.

1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. மலைநாட்டுக் கிராமத்தவர் சேனை செய்தும் வேட்டையாடியும் வந்த காடுகள் ஏக்கர் 5 ஷில்லிங் வீதம் விலைபோய்க் கோப்பித் தோட்டங்களாயின. வாங்கியவர்களுள் விற்ற அரசின் உத்தியோகத்தரும் இருந்தனர். 1848இல் தேசாதிபதி டொரிங்டன், துப்பாக்கிக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் வரி விதித்தார், நாய்க்கும் வரி. பயிரைக் காக்கவும் வேட்டைக்கும் கிராமத்தவரிடம் இருந்தவை அவ்விரண்டுந்தான். அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரிகளும் காரணமாயின. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பெருமையாகப் பேசப்பட்டது. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் நாய்க்கூட்டத்துடன் மரை வேட்டையாடி, அதனை 1853இல் நூலாகவும் வெளியிட்டார். துரை வேட்டையாடினால் விளையாட்டு. கிராமத்தான் வேட்டையாடினால் திருட்டு. இந்தப் பாகுபாடு அன்றே வேரூன்றிவிட்டது.

சுதந்திரத்தின் பின்னரும் அது முற்றாக அகலவில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, வேட்டையாடி வாழ்ந்த வேடர் தங்கள் காட்டுக்கே அத்துமீறுவோராயினர். அவர்களது தலைவர் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவுக்குச் சென்று ஐக்கிய நாடுகளின் பழங்குடியினர் செயற்குழுவின் முன் முறையிட நேர்ந்தது.

எங்கள் பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மரநிழலில் ஏலம் பயிரிட்டோர் வெளியேற வேண்டியதாயிற்று. ஏலத்துக்காகக் கீழ்வளர் செடிகளை வெட்டியதால் காடு நலிந்தது என்பதும் மெய்யே. அந்தக் காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. மகாவலியைச் சேரும் எத்தனையோ ஓடைகள் அங்கேதான் பிறக்கின்றன.

ஆயினும் காட்டோரத் தோட்டத்து மக்களின் நிலை வேறானது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியது எம் முன்னோரின் கைகள். காட்டிலோ தோட்டத்திலோ ஒரு சாண் நிலமும் அவர்களுக்கு உரித்தாகவில்லை. லயத்தின் பின்புறத்தில் ஒரு சிறு பாத்தி மட்டுமே. எங்கள் கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் உழுதுவிட்டுச் சென்றதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். துப்பாக்கி வாங்க வழியில்லாதவன் சைக்கிள் பிரேக் கம்பியால் சுருக்கு வைக்கிறான்.

சுருக்குக்குப் பன்றியையும் சிறுத்தையையும் பிரித்தறியத் தெரியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. அதன் படத்தைப் பார்த்து நாடே வருந்தியது. நானும் வருந்தினேன். ஆனால் பாத்தி அழிந்த வீட்டின் படத்தை எந்தப் பத்திரிகையும் முதற்பக்கத்தில் இட்டதில்லை.

வேட்டைக்குக் காட்டைத் திறந்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. இன்றுள்ள காட்டின் அளவுக்கு அது தாங்காது. எல்லைக்கல் நடும்போது எல்லையில் வாழ்பவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன். பாத்திக்கு வேலியும், அழிந்த பயிருக்குத் தாமதமின்றி இழப்பீடும் கிடைக்குமாயின், பெரும்பாலான சுருக்குகள் தாமாகவே அவிழும். கைதுகளால் மட்டும் அவிழ்வதாயின் எப்போதோ அவிழ்ந்திருக்கும்.