சிரிக்கும் எழுத்தும் சிரிக்கக் கூடாத இடமும்

சாய்ந்தமருதில் சிறுவர் ஆடைக் கடை ஒன்றைத் திறக்கவிருக்கும் என் மருமகன், சில மாதங்களுக்கு முன்னர் மூன்று தாள்களோடு வீட்டுக்கு வந்தார். மூன்றிலும் கடையின் பெயர் மூன்று விதமான எழுத்துகளில் அச்சாகியிருந்தது.

"மாமா, போர்ட் அடிக்கக் குடுக்கப் போறன். இதுல எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

முதலாவது, பாடநூல்களில் காணும் சாதாரண எழுத்து. இரண்டாவது, அரபு எழுத்தணிக் கலையைப் போன்று வளைத்தும் நீட்டியும் வரையப்பட்ட தமிழ் எழுத்து. மூன்றாவது, ஊதிய பலூன்களைப் போல உருண்டு திரண்ட எழுத்து. அவருடைய மனம் மூன்றாவதில் இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. சிறுவர் கடைக்கு அதுவே பொருத்தம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும், "சரி" என்று சொல்ல நா எழவில்லை. அதற்கொரு பழைய காரணம் உண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று எழுந்த ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. இலங்கையில் மிக அதிகமான உயிரிழப்பு இம்மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கடலை நோக்கியிருந்த தெருக்கள் தெருக்களாகவே அழிந்தன. 2005 ஜனவரி முதல் வாரத்தில், அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பாடசாலையில், காணாமற்போனோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் பணியில் நானும் சேர்ந்துகொண்டேன். விடுபட்ட பெயர்களை எங்கே, யாரிடம் பதிய வேண்டும் என்ற குறிப்பையும் அதன் அடியில் சேர்த்தோம்.

அது பாமினி எழுத்துருக் காலம். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் அவை. விசைப்பலகை ஒன்றேயாதலால், தட்டச்சிட்ட சொல்லைத் தெரிவுசெய்து எழுத்துருவின் பெயரை மாற்றினால், நொடியில் தமிழின் முகமே மாறிவிடும். ஊருக்குள் சற்றுத் தள்ளியிருந்த கடையொன்றில் மின்சாரம் இருந்தது. அங்கே கணினியில் இருந்த பையன், தலைப்பு பெரிதாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில், பிறந்தநாள் வாழ்த்துகளுக்குப் பயன்படுத்தும் எழுத்தைத் தெரிவுசெய்தான். ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நடனமாடும் எழுத்து அது.

அச்சுப்படி என் கைக்கு வந்தது. பத்திரிகை மேசையில் மெய்ப்புப் பார்த்துப் பழகியவன் நான். ஒவ்வொரு பெயரையும் இருமுறை சரிபார்த்தேன். ஊரை, வயதை, தந்தை பெயரை ஒப்பிட்டேன். ஓர் எழுத்துப் பிழையும் இருக்கவில்லை. கையொப்பமிட்டுக் கொடுத்தேன். தாள்கள் சுவர்களில் ஒட்டப்பட்டன.

இரண்டு நாள் கழித்து, வயதான ஒருவர் என்னிடம் வந்து, தமது பேரனின் பெயரை எங்கே எழுதுவது என்று கேட்டார். சுவரைக் காட்டினேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியா தம்பி. தூரத்துல பாத்தா, முந்தி ஒட்டின கார்னிவல் நோட்டீஸ் போல இருந்திச்சு. அதான் கிட்டப் போகல்ல" என்றார்.

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. அதுவே என்னை அதிகம் சுட்டது. அவருடைய பேரனின் பெயரைப் பட்டியலின் கடைசியில் நானே பேனாவால் எழுதிச் சேர்த்தேன். வாசிக்கத் தெரியாத ஒருவர் அந்த அறிவித்தலைச் சரியாகவே வாசித்திருந்தார். வாசிக்கத் தெரிந்த நான்தான் தவறவிட்டிருந்தேன். சொல்லுக்கு முன்னரே எழுத்து பேசிவிடுகிறது.

இத்தவறு நமக்கு மட்டும் உரியதன்று. மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் வின்சென்ட் கொனேர் 1994இல் உருவாக்கிய கொமிக் சான்ஸ், கேலிச்சித்திர நாயொன்றின் பேச்சுக் குமிழுக்காக எண்ணப்பட்ட எழுத்து. 2012 ஜூலை 4 அன்று, ஹிக்ஸ் துகள் பற்றிய செய்தியை சேர்ன் ஆய்வுகூட விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தபோது, அவர்களுடைய திரையில் இருந்ததும் அதே எழுத்துத்தான். கண்டுபிடிப்பைப் பேசியவர்களைப் போலவே எழுத்தைக் கேலி செய்தவர்களும் பலர். எழுத்தில் குற்றமில்லை, அமர்த்திய இடத்தில்தான் குற்றம்.

மருமகனிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, மூன்று தாள்களையும் மீண்டும் விரித்தோம்.

அரபுச் சாயல் எழுத்தை முதலில் ஒதுக்கினோம். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அதை அரபுத் தமிழ் என்று போற்றினார்கள். இன்றோ தமிழ் எழுத்துக்கு அரபு ஆடை அணிவிக்கிறோம். பள்ளிவாசல் விழா அழைப்பிதழில் அது அழகுதான். ஆனால் சிறுபிள்ளையின் சட்டைக்கும் அதற்கும் என்ன உறவு?

உருண்டை எழுத்து, மும்பையின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய 'பலூ தம்பி'. கிப்ளிங்கின் காட்டுக் கதையில் வரும் கரடியின் பெயரே 'பலூ'. திறந்த உரிமத்தில் கிடைப்பதால், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். யுனிகோட் எழுத்துரு என்பதால் பாமினிக் காலத்துத் தொல்லையும் இல்லை.

இத்தகைய எழுத்தைத் தெரிவுசெய்வோர் சில சோதனைகளைச் செய்வது நன்று. எழுத்து தடிக்கத் தடிக்க அதன் உள்வெளி அடைபடும்; 'ண', 'ஞ', 'ஐ' ஆகியவை முதலில் மூச்சுத் திணறும். புள்ளி எழுத்தோடு ஒட்டினால் 'கல்முனை' தூரத்தில் 'கலமுனை' ஆகும். ல, ள, ழ மூன்றும் ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு வேறு வேறாகத் தெரிய வேண்டும். நமது ஊர்களுக்கென்று இன்னுமொரு சோதனை உண்டு: ஜ, ஷ, ஸ, ஹ. இவையின்றி நம்மவர் பெயர்களில் பாதியை எழுத முடியாது. அலங்கார எழுத்துருக்கள் சிலவற்றில் இந்த நான்கும் அக்கறையின்றி வரையப்பட்டிருக்கும். பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் கூடவே வருவதால், மூன்றும் ஒரே தடிப்பில் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மருமகனின் எழுத்து இவை அனைத்திலும் தேறியது. கடைசியாக ஒன்றைக் கேட்டேன்: "நோன்பு வந்தால் ஸஹர், இப்தார் நேரசூசி அடித்துக் கொடுப்பீர்கள். தெருவில் ஒரு மௌத் நிகழ்ந்தால் அனுதாபப் பதாகை கட்டுவீர்கள். அங்கேயும் கடையின் பெயர் இப்படியேதான் சிரிக்குமா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அதுக்கு மட்டும் சாதா எழுத்துல வேற ஒண்டு செஞ்சி வைப்பம் மாமா" என்றார்.

அப்படியே செய்தார். பலகையிலும் பையிலும் விலைச்சீட்டிலும் பெயர் மட்டும் உருண்டு சிரிக்கிறது; முகவரி, விலை, அறிவித்தல் யாவும் சாதாரண எழுத்தில். துக்கத்துக்கும் தொழுகைக்கும் உரிய இடங்களில் பெயரும் அடங்கி நிற்கும்.

பலகையை மாட்டிய அன்று என்னையும் அழைத்திருந்தார். பழைய பழக்கத்தில் முதலில் எழுத்துப் பிழை தேடினேன், இருக்கவில்லை. பிறகு வீதியைக் கடந்து மறுபுறம் சென்றேன். அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டு, ஒரு சொல்லையும் வாசிக்காமல், பலகையை வெறுமனே பார்த்தேன். சிறுபிள்ளைகளின் கடை என்று தெரிந்தது.