நம் புகையை விழுங்கும் தென்கடல்

அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கிறது உஷுவாயா என்ற துறைமுக ஊர். அண்டார்டிகா செல்லும் சுற்றுலாக் கப்பல்களில் பெரும்பாலானவை நவம்பர் முதல் மார்ச் வரை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பீகிள் கால்வாயைத் தாண்டும்வரை கடல் சாதுவாக இருக்கும். அடுத்து வருவது டிரேக் நீரிணை. சுமார் 800 கிலோமீட்டர் அகலம். கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். அலை எழுந்துவிட்டால் மேஜையில் வைத்த தட்டு நிற்காது. பயணிகள் பலர் படுக்கையைவிட்டு எழவே மாட்டார்கள். அண்டார்டிகாவைச் சுற்றிவரும் காற்றையும் நீரோட்டத்தையும் தடுக்க வழியில் நிலமே இல்லை. அதனால்தான் இத்தனை ஆவேசம்.

பாதி வழியில் குளிர் சட்டென்று கூடும். மூடுபனியும் சூழலாம். கடல்நீரின் வெப்பம் சில மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். தெற்கின் கடுங்குளிர் நீரும் வடக்கிலிருந்து வரும் நீரும் சந்திக்கும் எல்லை இது. குளிர்நீர் கனமானது என்பதால், இங்கே வடக்கு நீருக்கு அடியில் புகுந்துவிடுகிறது.

அப்படிப் போகும்போது அது வெறுங்கையோடு போவதில்லை. ஜில்லென்ற சோடாவில் வாயு அடங்கியிருக்கும். சூடானால் பொங்கி வெளியேறும். கடலும் அப்படித்தான். குளிர்ந்த நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை அதிகமாகக் கரைத்துக்கொள்கிறது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்கள் உள்வாங்குகின்றன. அதில் சுமார் 40 சதவிகிதம் இந்தத் தென்கடல் வழியாகவே உள்ளே போகிறது.

கரை நெருங்கினால் பெங்குவின் கூட்டம். அவை நிற்கும் பனி இளஞ்சிவப்பாக இருக்கும். அவை தின்னும் கிரில்லின் நிறம்தான் எச்சத்தில் தெரிகிறது. கிரில், இறால் போன்ற சிற்றுயிர்; ஆறு சென்டிமீட்டர்வரை வளரும். கோடை வெயிலில் பெருகும் நுண்பாசிகள் கரியமில வாயுவை எடுத்து வளர்கின்றன. கிரில் அவற்றைத் தின்கிறது. கிரில்லின் கழிவு கார்பனைச் சுமந்தபடி ஆழத்துக்கு இறங்குகிறது. வழியிலேயே பெரும்பகுதி கரைந்துபோனாலும் ஒரு பங்கு அடிக்கடலைச் சேர்கிறது.

தீபகற்பத்துக்குக் கிழக்கே வெடெல் கடல். ஷாக்கில்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பலை 1915-ல் நொறுக்கி மூழ்கடித்தது இங்குள்ள பனிக்கட்டிதான். 2022-ல் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். கடல்நீர் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படுகிறது. அந்த உப்பால் கனத்த நீர் கீழே அமிழ்கிறது. அண்டார்டிகாவின் வேறு சில கரைகளிலும் இது நடக்கிறது. அப்படி இறங்கும் நீர், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்களின் தரைவரை பரவுகிறது.

போனது அங்கேயே கிடப்பதில்லை. பல நூறு ஆண்டுகள் கழித்து, ஆழத்து நீர் கார்பனோடு இதே தென்கடலில் மேலே வருகிறது. காற்று வலுத்தால் அது இன்னும் வேகமாக மேலே வரும். உருகும் பனிப்பாறைகளின் நன்னீர் கலந்தால், கரையோர நீர் கனம் குறைந்து அமிழாமல் நிற்கும். இந்த இரண்டையும் பற்றித்தான் விஞ்ஞானிகள் கவலைப்படுகிறார்கள். கடல் வாங்க மறுக்கும் புகை காற்றிலேயே தங்கி, பூமியை மேலும் சூடாக்கும்.

பயணிகள் புகைப்படங்களோடு ஊர் திரும்புகிறார்கள். அவர்களைச் சுமந்துவரும் கப்பலின் புகையிலும் ஒரு பங்கை அந்தக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது.