ரெண்டு தப்பு வரைக்கும் இலவசம்

போன மாதம் ஒரு மனுஷரை எல்லையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டேன். திரிசூலம் தாண்டி மீனம்பாக்கம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் முகத்தைக்கூட சரியாகப் பார்க்கவில்லை.

பயப்படாதீர்கள், எனக்கு அவ்வளவு அதிகாரமெல்லாம் கிடையாது. மின்சார ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் போனில் ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தேன். பெயர் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. போனில் ஏற்றிக் கொடுத்தவன் அக்கா பையன். “மாமா, நீங்க பி.காம்தானே? உங்களுக்குன்னே செஞ்ச கேம் இது” என்றான். கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

லூகாஸ் போப் என்கிற அமெரிக்கர், ஜப்பானில் வசித்தபோது தனி ஆளாக உருவாக்கி 2013ல் வெளியிட்டது. விமான நிலையங்களில் அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் புரட்டுவதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனையாம். 2022ல் போனுக்கும் வந்துவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடுகிற கேம் இல்லை. 1982ம் வருஷம், ஆர்ஸ்டோட்ஸ்கா என்கிற கற்பனை நாடு. குலுக்கலில் உங்களுக்கு எல்லைச் சாவடியில் வேலை விழுகிறது. வருகிறவர்களின் தாள்களைச் சரிபார்க்க வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு. ஒருவரைச் சரியாகப் பார்த்து அனுப்பினால் 5 கிரெடிட் கூலி.

சாயங்காலம் ஒரு கணக்குத் தாள் வரும். வாடகை, சாப்பாடு, வீட்டைச் சூடாக்கும் செலவு. மனைவி, மகன், மாமியார், ஒரு மாமா என்று நாலு பேர் உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள். (அந்த ஊரிலும் மாமியார் கூடத்தான் இருக்கிறார்.) காசு போதவில்லையென்றால் எந்தச் செலவை வெட்டுவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில் எனக்குப் புரிந்தது, பையன் கிண்டல் செய்யவில்லை.

ஆரம்ப நாட்களிலேயே ஒரு தம்பதி வருகிறார்கள். கணவனின் தாள்கள் சுத்தம். முத்திரையை வாங்கிக்கொண்டு, ‘பின்னாடி என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்து அவள். நுழைவுச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். சட்டப்படி சிவப்பு. நான் பச்சை குத்தினேன். உடனே ஒரு இயந்திரம் கடகடவென்று எச்சரிக்கைச் சீட்டை அச்சடித்துத் தள்ளியது. தள்ளட்டுமே! எனக்கு ரொம்பப் பெருமை. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்றுகூட இருந்தது.

பெருமை ரெண்டு நிமிஷம்தான். விதி இப்படி: ஒரு நாளில் முதல் ரெண்டு தப்புக்கு எச்சரிக்கை மட்டும். மூணாவது தப்பிலிருந்து அபராதம். அன்றைக்குக் காலையிலேயே அவசரத்தில் ஒரு தேதியைக் கவனிக்காமல் விட்டு ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். அந்தப் பெண்ணோடு ரெண்டு. அடுத்தடுத்து வந்தவர்களில் ஒருவருடைய சீட்டில் இருந்த எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் ஒத்துவரவில்லை. அவர் யார், எதற்கு வருகிறார், திரும்பிப் போனால் என்ன ஆவார் என்று எதுவும் தெரியாது. கேட்கவும் இல்லை. சிவப்பு. அடுத்து!

மீனம்பாக்கத்தில் ரயில் நின்றபோதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணை நான் உள்ளே விட்டது இரக்கத்தால் மட்டுமல்ல. இரக்கம் அப்போது இலவசமாக இருந்தது. மூணாவது ஆளுக்கு விலை 5 கிரெடிட் என்றதும் என் மனசாட்சி சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது.

அக்கா பையனிடம் இதைச் சொன்னேன். அவன் இந்த விஷயத்தில் அனுபவஸ்தன். ‘பயோஷாக்’ என்று 2007ல் வந்த கேம், வயது வந்தவர்களுக்கானது. கடலுக்கடியில் ஒரு சிதைந்த நகரம். அங்கே சில சிறுமிகளின் உடம்பில் ‘ஆடம்’ என்கிற பொருள் இருக்கிறது. அதுதான் உங்களுக்குச் சக்தி. சிறுமியைக் கொன்று எடுத்தால் 160. காப்பாற்றி அனுப்பினால் 80.

“எல்லாரையும் காப்பாத்திட்டேன் மாமா.”

“ஏன்டா, பாதிதானே கிடைக்கும்?”

“பாவம், குட்டிப் பொண்ணுங்க. அதுவும் இல்லாம, மூணு பேரைக் காப்பாத்தினா பரிசா 200 வரும். கணக்குப் பார்த்தா கிட்டத்தட்ட சமம்தான்.”

பார்த்தேன். மூன்று பேரைக் கொன்றால் 480. காப்பாற்றினால் 240, பரிசோடு 440. நல்லவனாக இருப்பதற்கு மொத்தச் செலவு 40! இந்த விலைக்கு யார்தான் கர்ணனாக மாட்டார்கள்?

இது அவன் ஒருவனின் புத்திசாலித்தனம் இல்லை. ‘மாஸ் எஃபெக்ட்’ என்கிற விண்வெளிக் கதை கேம்களில் நல்லவனாகவும் போகலாம், முரடனாகவும் போகலாம். ரெண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் 2020ல் சொன்னார், ஆடியவர்களில் சுமார் 92 சதவீதம் பேர் நல்லவர் பக்கமாம். முரடனுக்காக எழுதிய காட்சிகளை அநேகம் பேர் பார்க்கவே இல்லை. ‘நல்லவனா, கெட்டவனா?’ என்று நேரடியாகக் கேட்டால் மனிதன் நல்லவன் என்றுதான் டிக் அடிக்கிறான். கேட்காமல் விட்டால்தான் சிக்கல்.

போலந்துக்காரர்கள் 2014ல் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்று ஒன்று செய்தார்கள். தொண்ணூறுகளில் நடந்த சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. நீங்கள் சிப்பாய் இல்லை. பசியோடு பதுங்கியிருக்கும் சாதாரண ஜனம். ஒரு வீட்டில் வயதான தம்பதி. மருந்தும் சாப்பாடும் வைத்திருக்கிறார்கள். எதிர்த்துச் சண்டை போடக்கூட அவர்களுக்குத் தெம்பில்லை. எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் எதுவும் குறையாது. ஆனால் திருடிவிட்டு வந்தவர்கள் மனசு ஒடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள். 2020ல் போலந்து அரசு இதை மேல்நிலைப் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ‘எப்பப் பாரு கேம்’ என்று பிள்ளையைத் திட்டும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. அந்தச் சிவப்பு முத்திரை எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

பி.காம் முடித்த கையோடு ஒரு நிதி நிறுவனத்தில் ஒரு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் ஓர் அம்மா வந்தார். கணவர் போட்டு வைத்திருந்த டெபாசிட். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ரசீதில் இருந்த பெயர் ‘ன்’ என்று முடிந்தது. இறப்புச் சான்றிதழில் அந்த ‘ன்’ இல்லை.

“ரெண்டும் ஒரே ஆளுதான்னு நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்கிட்டு வாங்கம்மா.”

“அதுக்கு எவ்வளவு ஆகும் தம்பி?”

“போய்க் கேட்டுப் பாருங்க.”

விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் எழுந்து போய் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் மேஜை பன்னிரண்டு அடி தூரம். நான் எழுந்திருக்கவில்லை. காரணம், அந்த வாரம் அதே மாதிரி ரெண்டு ஃபைலைக் கொண்டுபோய், “இவனுக்கு இதே வேலையாப் போச்சு” என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கான இலவசம் ரெண்டும் தீர்ந்துபோயிருந்தது.

அந்த அம்மா தாள்களை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் இருந்தவரை திரும்பி வரவில்லை. யாரும் என்மேல் புகார் செய்யவில்லை. என் கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு பதிவே கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் அதை மறந்தும் போயிருந்தேன், ஒரு ரயில் பயணத்தில் அந்த கேம் கிளறிவிடும்வரை.

அன்று ராத்திரி வீட்டில் மறுபடி போனை எடுத்தேன். இந்த கேமில் எந்தப் பழைய நாளுக்கும் திரும்பிப் போய் ஆடலாம். போனேன். அந்தப் பெண்ணுக்குப் பச்சை. அடுத்து எண் ஒத்துவராத ஆள் வந்தால் விட்டுவிடுவது என்று காத்திருந்து, வந்தவருக்கும் பச்சை. 5 கிரெடிட் அபராதம். சாயங்காலக் கணக்கில் துண்டு விழுந்தது. வீட்டைச் சூடாக்கும் செலவை வெட்டினேன். மாமியார், மனைவி, மகன் எல்லோரும் குளிரில் இருந்தார்கள்.

அக்கா பையன் எட்டிப் பார்த்தான். “என்ன மாமா, ஜெயிச்சிட்டீங்களா?”

“பழைய நாள் ஒண்ணைத் திருப்பி ஆடிட்டு இருக்கேன்டா” என்றேன்.

போனில் அதற்கு ஒரு விரல் போதும். அந்தப் பன்னிரண்டு அடியைத்தான் திரும்பப் போய் நடக்க முடியவில்லை.