அம்மாவுக்கு ஏற்ற தாய் சி டீச்சர்

குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு எலும்பு முறியவில்லை, தைரியம்தான் போய்விட்டது. "தாய் சி பழகினால் உடம்பு தள்ளாடாது, மறுபடி விழும் ஆபத்தும் குறையும்" என்றார் டாக்டர். நாங்கள் இருப்பது சிங்கப்பூர். விடியற்காலையில் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களில் பலர் பழகுவதைப் பார்க்கலாம். ஆசிரியர்களுக்கா பஞ்சம்?

சுவர் நிறையப் பதக்கம் மாட்டியிருந்தவரிடம் மூன்று மாதக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டினேன். எல்லோரும் தன்னைப் போலவே தாழ்ந்து நிற்க வேண்டும் என்றார் அவர். இரண்டே வாரத்தில் அம்மாவுக்கு முட்டி வீங்கியது. "வலித்தால்தான் பலன்" என்றார். பணம் போனால் போகட்டும் என்று நிறுத்திவிட்டோம்.

அடுத்த முறை, பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனப் பெண்மணி. எப்போது விழுந்தார், எந்த முட்டி வலி, பிரஷர் மாத்திரை உண்டா என்று அம்மாவைப் பற்றி முதலில் விசாரித்தார். "முட்டி, கால்விரலைத் தாண்ட வேண்டாம். முடிந்த அளவு மடக்கினால் போதும்" என்றவர், பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியும் போட்டார். 1956-இல் சீனாவில் எளிமையாக்கப்பட்ட 24 அசைவுகளில், முதல் மாதம் மூன்றே மூன்றுதான்.

"அவர் தன்னைக் காட்டினார், இவங்க என்னைப் பார்த்தாங்கடி" என்றார் அம்மா.

ஆறு மாதமாகிறது. இன்னும் பாதி அசைவுகள் பாக்கி. ஆனால், நேற்று குளியலறைக்குப் போகும்போது அம்மா என் கையைத் தேடவில்லை.