சுமைதாங்கி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு நீண்ட கல்லைக் கிடத்தியிருக்கிறார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றித் தாமே சுமையை இறக்கவும், இளைப்பாறியபின் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இக்கற்களை நடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. இன்று சுமைகள் வண்டியில் போகின்றன. கல் வெறுமனே நிற்கிறது. ஆனால், மனிதர் சுமையின்றியா நடக்கிறார்கள்? மனச்சுமையை இறக்க இடமறியாது தன் உடலையே காயப்படுத்திக்கொண்ட ஒரு பெண்ணை நான் அறிவேன். அவளிடம் நான் செய்த பிழையைச் சொல்லவே இக்கட்டுரை.

அவள் என் சித்தி மகள், எனக்குத் தங்கை. பெயரும் ஊரும் வேண்டா. அவள் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

கடந்த சித்திரை மாத வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். ஒருநாள் அவள் கையில் இருந்த தழும்புகளைச் சித்தி பார்த்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே, விண்ணப்பம் நிரப்புவது முதல் பஞ்சாயத்து வரை எல்லாம் என்னிடமே வரும். "நீ படிச்சவன்பா, நீ கேட்டுப் பாரு" என்று அழுதார் சித்தி.

நானும் கேட்டேன். "யார் பார்க்கணும்னு இப்படிப் பண்றே? ஊர்ல யாருக்கும் இல்லாத கஷ்டமா உனக்கு?" என்று கத்தினேன்.

அவள் தலை நிமிரவில்லை. "யாரும் பார்க்கக் கூடாதுன்னுதாண்ணா இந்த வெயில்லயும் முழுக்கை போட்டிருக்கேன்" என்றாள்.

அப்போதாவது நான் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். மாறாக, அவள் கையை என் தலைமேல் வைத்து, இனிச் செய்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். கடமை முடிந்தது என்ற நிம்மதி எனக்கு! சத்தியம் அவளைத் தடுக்கவில்லை. இன்னும் நன்றாக மறைக்க மட்டுமே கற்றுக் கொடுத்தது. மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம், யாரென்று சொல்லாமல் இதைக் கேட்டேன். அவர் உபதேசம் செய்யவில்லை. "அரசு மருத்துவமனையிலே மனநலப் பிரிவு இருக்கு. ஓ.பி. சீட்டு போட்டு அழைச்சுக்கிட்டுப் போ. போற வழியிலே எதுவும் கேட்காதே" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பெரும்பாடம்.

சித்தி தயங்கினார். போலீஸ் கேஸ் ஆகும், நாளைக்குக் கல்யாணம் தடைப்படும் என்ற அச்சம் அவருக்கு. சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காப்பது நோயாளியின் உரிமை என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுவதை எடுத்துச் சொன்ன பிறகே இசைந்தார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, நான் கேளாமலே அவள் பேசினாள். "ராத்திரி அப்பா குடிச்சிட்டு வந்து சண்டை போடுவார். நான் வாயைத் திறந்தா அம்மாவுக்குத்தான் அடி. அழுதாலும் சத்தம் கேட்கும். மனசு இரைஞ்சுக்கிட்டே இருக்கும்ணா. அதைப் பண்ணினா கொஞ்ச நேரம் அடங்கும். அப்புறம் வெட்கமா இருக்கும். அந்த வெட்கம் தாங்காம மறுபடியும்..."

இது நடிப்பன்று, தாங்க முடியாததைத் தாங்க ஒரு தவறான வழி. இப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் சாவை நாடுவதில்லை என்றார் மருத்துவர். ஆயினும், பின்னாளில் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகமாதலால், ஒருபோதும் அசட்டையாக விடலாகாது என்றும் எச்சரித்தார். சிலர் மனத்தின் கொந்தளிப்பை அடக்கவும், சிலர் மரத்துப்போன உணர்வை எழுப்பவும், சிலர் தம்மைத் தாமே தண்டிக்கவும் இதைச் செய்கிறார்களாம். உடல் வலி தணியும்போது மன வேதனையும் சற்றுத் தணிவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால், அந்த ஆறுதல் நிலைப்பதில்லை. காரணம் அப்படியே இருக்க, வெட்கம் என்னும் புதுச் சுமையும் ஏறிவிடுகிறது. 2014இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் ஒரு முறையேனும் இதைச் செய்திருப்பதாகக் கண்டனர். அப்படியானால், நம் வகுப்பறைகளில்?

என் தந்தை மண்டியில் மூட்டை தூக்குபவர். இரவில் அவர் தோளுக்குத் தைலம் தடவுவது என் வேலை. உடம்பு வலிக்கு எங்கள் வீட்டில் தைலம் உண்டு. மனவலிக்கோ ஒரு சொல்கூட இருந்ததில்லை.

அந்தச் சொல்லைத் தேடியவர்களுள் ஒருவர் மார்ஷா லினெஹன் என்னும் அமெரிக்க உளவியல் பேராசிரியர். 1961இல், 17 வயதில், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டதால் ஹார்ட்ஃபோர்டு நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டாண்டுக்கு மேல் அங்கே இருந்தவர். பின்னாளில் இத்தகையோருக்காகவே 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை'யை உருவாக்கினார். இப்போதுள்ள நிலையில் உன்னை ஏற்கிறேன். அதே வேளையில் நீ மாறவும் வேண்டும் என்னும் இரண்டையும் ஒருசேரச் சொல்வதே அதன் சாரம். தம் கதையை 2011இல், அதே மருத்துவமனையில் நின்று உலகறியச் சொன்னார்.

அச்சிகிச்சை கற்பிக்கும் பயிற்சிகளுள் ஒன்று எனக்கு வியப்பளித்தது. சீல் போன்ற விலங்குகள் நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பு குறையும் என்று வகுப்பில் படித்தோமே! அந்த அனிச்சைச் செயல் மனிதருக்கும் உண்டு. மூச்சை அடக்கிக் குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தினால் வேகஸ் நரம்பின் வழியே துடிப்பு மெல்ல அடங்கும், கொந்தளிப்பும் தணியும். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும். தங்கைக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஒரு பாடம் எங்கள் வீட்டுப் பாத்திரத் தண்ணீரில் பயன்பட்டதை அன்று கண்டேன்.

மீட்சி நேர்கோட்டில் வருவதன்று. கார்த்திகையில் ஒருநாள் அவள் மீண்டும் தவறினாள். இம்முறை மறைக்காமல் தானே எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். கோபம் வந்தது, விழுங்கிக்கொண்டேன். "காயத்துக்கு மருந்து போட்டியா? சாப்பிட்டியா? நாளைக்கு வர்றேன்" என்றேன். அவள் அழுதாள். சத்தம் கேட்க அழுதாள். சித்தி இப்போது அவளைத் தம் அருகிலேயே படுக்க வைத்துக்கொள்கிறார். சித்தப்பாவின் குடி இன்னும் நிற்கவில்லை; அதுவும் உண்மை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மாணவர்களை வளரிளம் பருவம் முதல் இருபதுகளின் இறுதிவரை தொடர்ந்து ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுவயதில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னர் அப்பழக்கத்தினின்று விடுபட்டிருந்தனர். இது நம்பிக்கை தரும் செய்தி.

நண்பர்களே! உங்கள் விடுதி அறையிலோ வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், ஏன் செய்தாய் என்று வழக்கறிஞர் போல் விசாரிக்காதீர்கள், சத்தியம் கேட்காதீர்கள். எதைத் தாங்க முடியவில்லை என்று கேட்டு, அருகில் அமருங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த ஒருவர் நீங்களே ஆனால், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒருவரிடமேனும் சொல்லுங்கள்.

இக்கட்டுரையைத் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். 'அவள் குணமடைந்துவிட்டாள்' என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, 'குணமாகிக்கொண்டிருக்கிறாள்' என்று திருத்தித் தந்தாள். அவள் திருத்தமே சரி.

சுமைதாங்கிக் கல், சுமையில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. இறக்க இடம் கொடுக்கிறது, அவ்வளவே. நாமும் அவ்வளவேனும் செய்யலாம்.